கல் வளரும் என்றாள் அப்பாயி

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. மூன்று பேர் கைகோத்துச் சுற்றினாலும் பிடிக்கு அடங்காது. மூலை, விளிம்பு எதுவும் இல்லாமல் உருண்டையாக இருக்கும். 1974ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு அப்பா அந்தப் பாறையின் அடியில், மண்ணை ஒட்டினாற்போல், ஒரு சாண் அகலத்துக்குக் காவிப் பட்டை அடித்தார். எனக்கு அப்போது ஏழு வயது. காவி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். ஆகவே பட்டையின் கீழ் விளிம்பு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அப்பாயிக்கு அதில் வியப்பே இல்லை. "சாமி இருக்கிற கல் வளரும்" என்றாள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த எல்லாருக்கும் அதே எண்ணந்தான். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் தரும் செம்பனை போட்ட பிறகு கல் இன்னும் வேகமாக வளர்ந்தது. இன்றைக்கு அந்தப் பட்டை, மங்கிய சிவப்பாக, தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் நிற்கிறது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் உள்ள ஊர். சிப்புட் என்றால் மலாய் மொழியில் நத்தை. சுற்றிலும் தோட்டங்கள். அவற்றில் பிறந்து, லயங்கள் இடிபட்ட பிறகு ஊருக்குள் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஊரிலிருந்து கிழக்கே பார்த்தால் தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர். இரண்டும் கருங்கல் மலைகள். நடுவில் கிந்தா பள்ளத்தாக்கு. அங்கங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள். இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது, கடலோரத்தில் பிறந்தவனுக்கு அலையைத் தெரியாமல் இருப்பதைப் போன்றது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பாடநூலில் மூன்று வகைப் பாறைகளின் பெயரை ஒப்பிக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கல் அந்த மூன்றில் எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இருபத்தேழு ஆண்டுகள் இடைநிலைப்பள்ளி ஒன்றில் அறிவியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவள் நான். அந்த விழிப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாறை வளர்ந்த கதையை முடித்துவிடுகிறேன். கோயிலுக்கு முன்னால் அதே 1974இல் போட்ட சிமெண்டுப் படி ஒன்று உண்டு. ஒருநாள் அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது கவனித்தேன். படியின் அடிப்பாகம், ஒருபோதும் வெளியே தெரியக்கூடாத கரடுமுரடான அடிப்பாகம், தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அளந்தேன். ஒன்றரைச் சாண். பாறையும் சிமெண்டும் ஒரே அளவு வளராது. வளர்ந்தது எதுவும் இல்லை, மண்தான் இறங்கியிருக்கிறது. ரப்பர் மரம் இருந்தபோது வேரும் சருகும் பிடித்துவைத்த மண், நிலத்தை மொட்டையடித்த பிறகு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குப் போயிருக்கிறது.

அப்பாயி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதை அவளிடம் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அப்பாயி சொன்னது பொய் இல்லை. அந்தக் கல் உண்மையிலேயே வளர்ந்த கல். வளர்ந்த இடமும் காலமும் மட்டுந்தான் வேறு.

பாறையின் மேல்தோலைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பாசி, காவி, மழைக்கறை, மஞ்சள் துரு எல்லாம் சேர்ந்து எந்தக் கல்லையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். புதிதாக உடைந்த முகம் வேண்டும். சாமி கல்லை நான் உடைக்கவில்லை. அதன் பக்கத்தில் ஓடை ஓரத்தில் அதே கல்லின் துண்டுகள் கிடக்கின்றன. ஒரு துண்டைச் சுத்தியலால் தட்டினேன். கண்ணுக்குத் துணி மறைப்பு போதாது, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். தெறிக்கும் சில்லு கத்தியைப் போன்றது. உடைந்த முகத்தைத் தண்ணீரில் கழுவி, காலை வெயிலில், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். பலர் லென்ஸைக் கல்லின் மேல் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸ் கண்ணருகே இருக்க வேண்டும். கல்தான் முகத்தை நோக்கி வர வேண்டும்.

என்ன தெரிகிறது? முதலில், கல் முழுவதும் படிகங்கள். ஒன்றோடு ஒன்று பல் கோத்தாற்போலப் பின்னிக்கொண்டு, நடுவில் இடைவெளியே இல்லாமல் இருக்கின்றன. மணற்கல்லில் தானியம் போன்ற மணிகள் இருக்கும், அவற்றை ஏதோ ஒன்று பசைபோல ஒட்டியிருக்கும். இங்கே பசை இல்லை. படிகமே படிகத்தைப் பிடித்திருக்கிறது. அடுத்து, வரிவரியாக அடுக்கு எதுவும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கலவை. மூன்றாவது, படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. சோற்றுப் பருக்கை அளவு, சில கட்டைவிரல் கணு அளவு. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் ஊடுருவு தீப்பாறை. பாறைக்குழம்பு எரிமலை வாய் வழியாக வெளியே வராமல், பூமிக்குள்ளேயே மற்ற பாறைகளுக்கு நடுவே புகுந்து நின்று, அங்கேயே ஆறி இறுகியது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மிக ஆழத்தில் இறுகியவற்றைப் பாதாளப் பாறைகள் என்கின்றன. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும்.

படிகத்தின் அளவு ஏன் முக்கியம்? வீட்டிலேயே பதில் இருக்கிறது. சீனிப்பாகைக் கொதிக்கவைத்துத் தட்டில் சட்டென்று ஊற்றினால் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும். அதே பாகில் நூலைத் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் நாள்கணக்கில் வைத்தால் கற்கண்டு. அணுக்கள் தங்களுக்குரிய இடத்தைத் தேடிப் போய் வரிசையில் சேர நேரம் வேண்டும். எரிமலைக்குழம்பு காற்றிலோ கடலிலோ விழுந்து சில நாட்களில் ஆறினால் படிகங்கள் கண்ணுக்கே தெரியாத அளவில் நின்றுவிடுகின்றன. மிக வேகமாக ஆறினால் கண்ணாடியாகவே ஆகிவிடுகிறது. ஆனால் சில கிலோமீட்டர் ஆழத்தில், சுற்றிலும் சூடான பாறை போர்த்தியிருக்கும்போது, குழம்பு ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. உமி மூட்டைக்குள் வைத்த சோற்றுப்பானை மறுநாளும் சுடுவதைப் போல. பாறை வெப்பத்தை அவ்வளவு மெதுவாகத்தான் வெளியே விடும்.

இதை மனிதர்கள் நம்புவதற்கே வெகு காலம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பெரும்பாலான அறிஞர்கள், கிரானைட் ஆதிக் கடலில் உப்புப் படிவது போலப் படிந்த கல் என்றே நினைத்தார்கள். ஜெர்மனியின் வெர்னர் அந்தக் கட்சியின் தலைவர். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் அதை ஏற்கவில்லை. 1785இல் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில், சிவந்த கிரானைட் பழைய பாறைக்குள் நரம்பு நரம்பாகப் புகுந்து, அதை உடைத்துக்கொண்டு கிடப்பதைக் கண்டார். படிந்த கல் இன்னொரு கல்லுக்குள் எப்படிப் புகும்? உருகிய நிலையில் இருந்தால்தான் முடியும். பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால், ஹட்டன் 1797இல் மறைந்த பிறகு, பசால்ட் இனக் கரும்பாறையை உலையில் உருக்கிப் பார்த்தார். வேகமாக ஆறவிட்டால் கண்ணாடி, மெதுவாக ஆறவிட்டால் மறுபடியும் படிகக் கல். உலைக்கும் கல்லுக்கும் உள்ள உறவு அன்று உறுதியாயிற்று.

இனிப் பெயர் வைக்கும் வேலை. நம் தமிழில் கருங்கல் என்ற ஒரே சொல் பல கற்களை மூடிவைத்திருக்கிறது. கொத்தனாருக்கு அது போதும். கல்லின் பிறப்பை அறிய விரும்புகிறவனுக்குப் போதாது.

எங்கள் பாறையின் துண்டில் மூன்று பொருள்கள் தெளிவாகத் தெரிகின்றன. கருப்பாகப் பளபளப்பது காக்காப்பொன். கரிய அப்பிரகம், பயோடைட் என்பது அதன் பெயர். ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். உரியாத கருப்பு வேறு பொருள். நீளமான கருங்குச்சிகளாக, முகங்கள் சாய்வாக வெட்டிக்கொண்டால் ஹார்ன்பிளெண்ட், பள்ளம் பள்ளமாக வரியோடிய கரும் ஊசிகளாக இருந்தால் டூர்மலின். வெள்ளீயம் இருக்கும் கருங்கல் பகுதிகளில் டூர்மலின் அடிக்கடி கண்ணில் படும்.

அடுத்தது வெள்ளையும் பால் நிறமுமாக இருக்கும் ஃபெல்ட்ஸ்பார். இதன் அடையாளம் தட்டையான முகம். உடைந்தால் சீராக, மட்டமாக உடையும். வெயிலில் திருப்பினால் முகம் பளிச்சென்று மின்னும். இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என்னைக் கல்லின் மேல் பைத்தியமாக்கியது இந்த இடந்தான். கட்டைவிரல் கணு அளவுள்ள பெரிய ஃபெல்ட்ஸ்பார் ஒன்றை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினேன். படிகத்தின் பாதி மட்டும் மின்னியது. மறுபாதி மங்கலாக இருந்தது. இன்னும் சற்றுத் திருப்பினேன். மின்னிய பாதி அணைந்து, மங்கிய பாதி எரிந்தது. நடுவில் கோடு கிழித்தாற்போல ஒரு நேர் எல்லை. ஒரே படிகம் போலத் தோன்றுவது உண்மையில் இரட்டை. இரண்டும் எதிரெதிர்த் திசை பார்த்தபடி ஒட்டி வளர்ந்தவை. பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரின் அடையாளம் இது. இன்னொரு ஃபெல்ட்ஸ்பார் உண்டு, பிளேஜியோகிளேஸ். அதன் முகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பட்டுத்துணி இழைபோல நுண்ணிய இணைகோடுகள் ஓடும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் கருங்கல் அறிவில் பாதி.

அந்தப் பெரிய படிகத்துக்குள் இன்னொன்றும் பார்த்தேன். கருப்பு அப்பிரகத் துணுக்குகள் அதன் உள்ளே, விளிம்புக்கு இணையாக, வரிசையாக மாட்டிக்கொண்டு கிடந்தன. மரத்தை அறுத்தால் தெரியும் வளையத்தைப் போல. ஏற்கெனவே குழம்பில் மிதந்துகொண்டிருந்த சிறு படிகங்களை, இது வளர்ந்துகொண்டே போகும்போது விழுங்கியிருக்கிறது. கல் வளரும் என்றாளே அப்பாயி. அந்த வளர்ச்சியின் எல்லைக்கோடு இதோ என் நகத்தடியில்.

மூன்றாவது குவார்ட்ஸ். சாம்பல் நிறம், ஈரக்கையால் தொட்ட கற்கண்டின் மங்கல். தட்டையான முகமே இருக்காது. உடைந்த இடம் சிப்பி ஓட்டின் உட்புறம்போல் வளைந்திருக்கும். பேனாக்கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். குவார்ட்ஸுக்கு இந்தக் கல்லில் சொந்த வடிவம் இல்லை. மற்றவை எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய சந்துகளில் எல்லாம் நிறைந்திருக்கிறது. கடைசியில் இறுகியது அது என்பதற்கு அதுவே சாட்சி. அமெரிக்காவில் நார்மன் போவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலையில் உருக்கி உருக்கிக் காட்டியது இந்த வரிசையைத்தான். குழம்பு ஆற ஆற, அதிக வெப்பத்திலேயே இறுகும் பொருள்கள் முதலில் பிரிகின்றன. குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா நிறைந்த மிச்சம் கடைசிவரை திரவமாக இருக்கிறது.

இப்போது அளவு. குவார்ட்ஸ், பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார், பிளேஜியோகிளேஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து நூறு என்று வைத்தால், அதில் குவார்ட்ஸ் இருபதுக்கு மேல் இருந்து, இரண்டு ஃபெல்ட்ஸ்பாரும் போதிய அளவு இருந்தால் அது கிரானைட். பிளேஜியோகிளேஸ் கை ஓங்கினால் கிரானோடயோரைட். குவார்ட்ஸ் ஏறக்குறைய இல்லாமல் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் நிறைந்திருந்தால் சயெனைட். பகாங்கில் பெனோம் மலைப் பக்கம் அந்த இனத்துக் கற்கள் உண்டு. குவார்ட்ஸ் மிகக் குறைந்து பிளேஜியோகிளேஸும் ஹார்ன்பிளெண்டும் உப்பும் மிளகும் தூவியதுபோல் இருந்தால் டயோரைட். கண்ணளவில் தடுமாறினால் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி இருக்கிறது. கல்லின் வெட்டுமுகத்தை அமிலத்தால் அரித்து, சோடியம் கோபால்ட்டிநைட்ரைட் கரைசலில் நனைத்தால் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் மட்டும் மஞ்சளாகும். அரிக்கும் அமிலம் மிகக் கொடியது, வீட்டில் யாரும் முயல வேண்டாம். இன்னும் நுட்பமாகப் பார்க்க, கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் தகடாக்கி நுண்ணோக்கியில் வைப்பார்கள்.

எங்கள் பாறை கிரானைட். தித்திவங்சா தொடர் முழுவதும் பெரும்பாலும் இதுதான்: பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் பதிந்த, கருப்பு அப்பிரகம் கலந்த, சொரசொரப்பான கிரானைட். அதன் வயதை ஜிர்கான் என்ற நுண்படிகத்தில் உள்ள யுரேனியமும், அது மெல்லச் சிதைந்து ஆகும் ஈயமும் சொல்கின்றன. இங்கே ஈயம் என்பது காரீயம். நம் ஊர்ச் சுரங்கத்து வெள்ளீயம் அன்று. அந்தக் கணக்குப்படி வயது ஏறக்குறைய 20 கோடியிலிருந்து 23 கோடி ஆண்டுகள். அப்போது இந்தத் தீபகற்பம் ஒரே நிலமாக இல்லை. மேற்குத் துண்டும் கிழக்குத் துண்டும் தனித்தனி. நடுவில் ஒரு கடல். கடல் மூடி இரண்டும் மோதிச் சேர்ந்தன; சேர்ந்த தையல் இன்றும் பெந்தோங், ரவூப் வழியாக ஓடுகிறது. மோதலில் நிலத்தின் மேலோடு தடித்து மடிந்தது. கடலடிச் சேறாக இருந்து பாறையான படிவுகளும் ஆழத்துக்குப் போயின. அங்கே 700, 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவை ஓரளவு உருகின. ஈரம் கலந்திருந்தால் கல் எளிதில் உருகும். உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது. ஆகவே விரிசல்களில் புகுந்து மேலே வந்தது. மேற்பரப்பை எட்டாமல், மலைக்கு அடியில் நின்று, நிதானமாக வளரத் தொடங்கியது.

குழம்பு புகுந்த இடத்தில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அது வெந்து சலவைக்கல் ஆகும். ஈப்போவின் சலவைக்கல் அப்படிப் பிறந்தது. ஈப்போவில் தைப்பூசத்துக்குப் போகிறோமே, குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயம், அந்தக் குன்றை கிரானைட் என்று நினைக்கிறவர்கள் பலர். அது சுண்ணாம்புக் கல். அத்தகைய கல்லின் துண்டைக் கத்தி கீறும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். கிரானைட்டில் கத்தியும் ஏறாது, நுரையும் வராது.

கிரானைட் இறுகும்போது கடைசியாக மிஞ்சிய வெந்நீரும் ஆவியும் வெள்ளீயத்தைச் சுமந்துகொண்டு விரிசல்களுக்குள் போயின. மலை தேய்ந்தபோது அந்த ஈயக்கல் பள்ளத்தாக்கில் வந்து படிந்தது. குவார்ட்ஸைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமான மணல் அது. அப்பாயியின் தோழிகள் பால்வெட்டு முடிந்து ஓடையில் ஈயமணல் அலசும் டூலாங் தட்டைச் சுழற்றியபோது, வெள்ளை மணல் விலகிக் கரிய மணல் அடியில் தங்கியது அந்தக் கனத்தால்தான். கிந்தாவின் ஈயமும், அதைத் தேடி வந்த கூட்டமும், ஈப்போ நகரமும் அந்தக் கடைசி வெந்நீரின் பிள்ளைகள் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். படிகம் பெரிதாக இருந்தால் அவ்வளவு மெதுவாக ஆறியது என்று பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். பொதுவாக அது சரி. ஆனால் கிரானைட்டுக்கு ஊடே ஓடும் வெளிறிய நரம்புகளில், விரல் நீளம், சில இடங்களில் முழம் நீளம்கூட இருக்கும் படிகங்கள் உண்டு. பெக்மடைட் என்று பெயர். அந்த நரம்பு மலையைவிட மிகச் சிறியது. மலையைவிட மெதுவாக அது எப்படி ஆறும்? அங்கே வேலை செய்தது நேரம் அன்று, நீர். நீர் மிகுந்த குழம்பில் புதுப் படிகங்கள் முளைப்பது அரிது; முளைத்த சிலவற்றுக்குத் தீனி தாராளமாக வந்து சேர்ந்தது. அதே கல்லில் சீனித்தூள்போல் நுண்மணியாக ஓடும் இன்னொரு நரம்பு உண்டு. அது ஆப்லைட், நீரை இழந்து சட்டென்று இறுகியது. நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த மாணவர்கள் இன்று இதைப் படித்தால் திருத்திக்கொள்ளட்டும்.

அப்பா 2009இல் காலமானார். சமாதிக்குக் கருப்புக் கல் பதித்தோம். கடையில் கருப்பு கிரானைட் என்றார்கள். பளபளவென்று முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஓராண்டு கழித்து, திதி கொடுக்கப் போனபோது, மெருகேற்றாத பின்பக்கத்தில் லென்ஸ் வைத்தேன். குவார்ட்ஸ் ஒரு துளிகூட இல்லை. சாம்பல் நிற பிளேஜியோகிளேஸ் குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, இடையில் பைராக்சீன் என்ற கரிய கனிமம். அது டோலரைட். பூமியின் இன்னும் ஆழத்திலிருந்து, ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தோடு வந்து, நிமிர்ந்த விரிசலில் சுவர்போல நின்று ஆறிய குழம்பு. அப்படிப்பட்ட சுவரை டைக் என்பார்கள். அதே குழம்பு ஆழத்தில் பெரிய அளவில் மெதுவாக ஆறினால் படிகம் பெருத்து கேப்ரோ. வெளியே கொட்டினால் பசால்ட். தமிழ்நாட்டிலும் டோலரைட் டைக்குகளை வெட்டி, கருப்பு கிரானைட் என்ற பெயரில்தான் உலகெங்கும் அனுப்புகிறார்கள். கல் வணிகத்தில் மெருகேறும் கடினக் கல் எல்லாம் கிரானைட். கடைக்காரர்மேல் எனக்குக் குறை இல்லை. அப்பாவின் தலைமாட்டில் நிற்பது எது என்று தெரிந்துகொண்டதில் ஒரு நிறைவு இருந்தது, அவ்வளவுதான்.

முனியாண்டி பாறை ஏன் உருண்டையாக இருக்கிறது என்று அண்ணன் மகன் ஒருமுறை கேட்டான். "அத்தை, ஆற்றில் உருண்டு வந்ததா?" இல்லை. அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. மேலே இருந்த பாரம் தேய்ந்து போகப் போக, அழுத்தம் தளர்ந்து கிரானைட் பெட்டி பெட்டியாக வெடித்தது. விரிசல்களில் மழைநீர் இறங்கியது. பெட்டியின் மூலையை நீர் மூன்று பக்கமும் தாக்கும், விளிம்பை இரண்டு பக்கம், நடுமுகத்தை ஒரு பக்கம். ஆகவே மூலைகள் முதலில் மக்கும். மண்ணுக்குள்ளேயே பெட்டி உருண்டையாகிவிடும். ஃபெல்ட்ஸ்பார் மக்கிக் களிமண். நல்ல வெள்ளையாக மக்கினால் பீடோர், தாப்பா பக்கம் வெட்டியெடுக்கும் கயோலின். அப்பிரகத்தின் இரும்பு துருவேறி மண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் தந்தது. குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணலாக நின்றது. தோட்டக் கணக்கெடுப்பில் ரெங்கம் தொடர் மண் என்று எழுதுவார்களே, சொரசொரப்பான அந்த மண், கிரானைட் மக்கியது. எங்கள் தாத்தா அதில்தான் பால்மரம் நட்டார். மண் ஓடிய பிறகு வெளியே தெரிவது மக்காத நடுக்கல்.

தாமான் வீட்டின் பின்கட்டில் எங்கள் அம்மி இருக்கிறது. அம்மி இங்கே கொத்தியது. எங்கள் பாறையின் இனமேதான், அதே காக்காப்பொன், அதே சாம்பல் குவார்ட்ஸ். குழவி மட்டும் வேறு. அப்பாயி கப்பல் ஏறியபோது, சேர்வராயன் மலை அடிவாரத்துத் தன் தாய்வீட்டிலிருந்து புடவையில் சுற்றி எடுத்துவந்த குழவி அது. அது கரும்பச்சை சாயல், எண்ணெய் தடவினாற்போன்ற மினுக்கு, குவார்ட்ஸ்கூட நீலம் பாய்ந்திருக்கிறது. கல்லியல் படித்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சார்னோக்கைட் என்றார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து, 1893இல் கல்லியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். அந்தக் கல்லறைக் கல்லும் சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல்தான். சார்னோக்கைட் குழம்பிலிருந்து இறுகியதா, பழைய பாறை ஆழத்தில் ஈரம் வற்றி வெந்து மாறியதா என்பதில் நூறாண்டு வழக்கு உண்டு. சில இடங்களில் முன்னது, சில இடங்களில் பின்னது என்பதே இன்றைய தீர்ப்பு. சேலம் பக்கத்துச் சார்னோக்கைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அம்மிக்கு 20 கோடிக்குச் சற்று மேல்.

கிரானைட் அம்மி வழுவழுப்பாகிவிட்டால் கொத்த வேண்டும். அம்மி கொத்துகிறவர்கள் இப்போது தெருவில் வருவதில்லை. போன மாதம் நானே உளி வாங்கிக் கொத்தினேன். கொத்திய அம்மியில் முதலில் மசாலா அரைக்கக் கூடாது என்பது அப்பாயியின் கட்டளை. ஒரு கைப்பிடி ஊறிய அரிசியை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். அரைத்தேன். மாவு வெள்ளையாக வரவில்லை, சாம்பலாக வந்தது. விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஈர மாவுக்குள் காக்காப்பொன் துணுக்குகள் மின்னின. அவற்றின் நடுவே, பச்சையும் கருப்புமாக, குழவியிலிருந்து உதிர்ந்த தூள். தண்ணீர் விட்டு அலசி, செம்பருத்திச் செடியின் தூரில் ஊற்றினேன்.